ஓக் மரத்தடி அரசர்

எங்கள் சரித்திர சேர் ஐரோப்பிய வரலாறு எடுக்கும்போது புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவார். பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி பாடத்தில் வந்த அன்றும் அப்படித்தான். "எல்லாளன் மணி கட்டினான். இவர் அதுவும் கட்டேல்லை. பூசை முடிய வின்சென் காட்டிலை ஓக் மரத்தடியிலை இருந்திடுவார். வழக்குள்ளவன் நேரை போய்ச் சொல்லலாம், சேவகன் மறிக்கமாட்டான்" என்று, அரசரைப்போலவே கரும்பலகையில் சாய்ந்து காட்டினார். முதுகெல்லாம் சோக்குத்தூள்.

அரசரோடு சிலுவைப் போருக்குப் போன ஜுவான்வில் பிரபு எழுதிவைத்த காட்சி அது. பிரான்சுக்கு வந்து, பிரெஞ்சு ஓரளவு பிடிபட்டபின் நானே வாசித்தேன். அழகுதான். ஆனால் என்னை அசத்தியது மரத்தடி அல்ல. 1247இல், போருக்குப் புறப்படுமுன், தன் அதிகாரிகள் சனங்களிடம் பிடுங்கியதை விசாரிக்கத் துறவிகளை ஊர் ஊராக அனுப்பினார். எகிப்தில் சிறைபட்டு, மீட்புப்பணம் கட்டி விடுதலையாகி, 1254இல் நாடு திரும்பியதும் போட்ட கட்டளை இன்னும் இறுக்கம். அதிகாரி அன்பளிப்பு வாங்கக்கூடாது. ஆளும் பகுதியில் காணி வாங்கக்கூடாது, பிள்ளைகளுக்குச் சம்பந்தமும் செய்யக்கூடாது. பதவி முடிந்தாலும் முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்லச் சில வாரங்கள் அங்கேயே இருக்கவேண்டும். இடமாற்றம் வந்த கையோடு லொறியில் சாமான் ஏற்றிப் போன அதிகாரிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

பெரிய இடத்துக்கும் அவர் வளையவில்லை. தன் காட்டில் வேட்டையாடினார்கள் என்று மூன்று இளைஞரைத் தூக்கிலிட்ட கூசி என்ற ஊர்ப் பிரபுவை 1259இல் லூவர் கோட்டையில் அடைத்தார். வாட்சண்டையில் தீர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டான் பிரபு, அரசர் மறுத்துவிட்டார். மற்றப் பிரபுக்கள் கெஞ்சியதால் பெருந்தண்டத்தோடு உயிர் தப்பினான்.

சேர் தொடாத பக்கமும் உண்டு. இவர் ஆட்சியில்தான் 1242இல் பரிசில் யூதரின் சமயநூலான தல்மூத்தின் ஏடுகள் வண்டி வண்டியாக எரிந்தன. 1269இல் யூதர் உடையில் மஞ்சள் அடையாளம் தைக்கவேண்டும் என்று ஆணை. அதே பக்திதான் இதையும் செய்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்ற நாம் இதை லேசில் கடக்கமுடியாது. 1270இல் தூனிசில் இறந்தவருக்கு 1297இல் புனிதர் பட்டம் கிடைத்தபோது இதெல்லாம் குறையாகவே தெரியவில்லை.

பார்வையற்ற முந்நூறு ஏழைகளுக்கென்று அவர் தொடங்கிய இல்லம், இன்று பரிசில் பஸ்தீய் பக்கத்தில் பெரிய கண் மருத்துவமனை. கண்ணில் வெள்ளை படர்ந்த நம் சங்க மூத்தவர்கள் சிலர் அங்கேதான் போய்வருகிறார்கள்.