தேதி தெரியாதவளுக்குத் தேதி தள்ளும் மாத்திரை

காவடிக்குக் கொடி ஏறப்போகிறது என்றதும் எங்கள் வீட்டில் முதலில் வரும் கேள்வி பால்குடத்தைப் பற்றியது இல்லை, "உனக்கு எப்போ வரும்?" என்பதுதான். மொரீசியசில் தைப்பூசம் அரசு விடுமுறை, ஊரே விரதம் இருக்கும், நடுவில் நான் தூரமாகிவிட்டால் பத்து நாள் விரதமும் வீண் என்று அம்மாவுக்குப் பயம். எனக்கோ சொல்வதற்குத் தேதியே கிடையாது. ரெதுயியில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு ஒரு தடவை 33 நாளில் வரும், அடுத்தது 58 நாள் கழித்து, நடுவில் லேசாகப் பட்டுவிட்டுப் போவதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று புரியாது.

சித்தி கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். நோரெத்திஸ்டெரோன், மாதவிடாயைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை. விடுதித் தோழிகளும் இதைத்தான் காவடிக்கும் கல்யாணத்துக்கும் தேர்வுக்கும் கைமாற்றிக்கொள்வார்கள், பனடோல் தலைவலி மாத்திரை மாதிரி.

வழக்கமாக மாதவிடாய் வர வேண்டிய நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை அது, தினம் மூன்று வேளை. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். சரி, வர வேண்டிய நாளே தெரியாதவள் எதிலிருந்து 3 நாள் கழிப்பது? நான் குத்துமதிப்பாக ஆரம்பித்தேன். விரதத்தின் ஏழாம் நாள் காலையில், காத்ர் போர்ன் மலைக்கோயிலுக்குக் கட்டவேண்டிய மஞ்சள் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. அம்மா திட்டவில்லை, பேசவும் இல்லை. அதுதான் மோசம்.

அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்குப் போனேன் (இலவசம்தான், இத்தனை நாள் போகாததற்கு வெட்கத்தைத் தவிர ஒரு காரணமும் இல்லை). முதலில் கர்ப்பப் பரிசோதனை. முகம் சிவந்தது, ஆனால் எல்லாரிடமும் அதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். பிறகு தைராய்டு, புரோலாக்டின் என்று ஹார்மோன்களுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பிசிஓஎஸ்ஸாக (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்குமோ என்று பயந்தேன், அது இல்லை. "என்ன சாப்பிடுகிறாய்?" என்றார் டாக்டர். மதியம் ஒரு ஜோடி தால் பூரி, ராத்திரி காபி, முதல் செமஸ்டரில் 6 கிலோ குறைந்திருந்தேன், எல்லாரும் அழகாக இருக்கிறாய் என்றார்களே!

சாப்பாடும் தூக்கமும் குறைந்து கவலை கூடினால், சினைப்பைக்கு வேலை சொல்லும் மூளைப்பகுதி சமிக்ஞையைக் குறைத்துவிடுமாம். முட்டை வெளிவருவது தள்ளிப்போகும் அல்லது நடக்காமலே போகும், அதோடு மாதவிடாயும் தடுமாறும். 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் பொதுவாகக் கவலை இல்லை, தொடர்ந்து தப்பினால் காட்ட வேண்டும், 3 மாதம் வராமலே போனால் காத்திருக்கவே கூடாது என்றார். இந்த மாத்திரையைக் கருத்தடை என்று நம்பிவிடாதே, ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வந்தவர்கள் கேட்காமல் தொடவே கூடாது என்றும் சொன்னார். அட்டையை நீட்டும் எந்தத் தோழியும் இதைச் சொன்னதில்லை.

கோயில் வழக்கத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, அது தனிச் சண்டை. இப்போது காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன், கைபேசியில் தேதி குறிக்கிறேன், இடைவெளி 46 நாள், 41, 37 என்று குறைந்து வருகிறது. போன வாரம் சித்தி மீதி மாத்திரை எங்கே என்று கேட்டார், அவர் பெண்ணுக்குத் தேர்வாம். தரமாட்டேன் என்றேன், அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் நானே போவதாக இருக்கிறேன்.