அப்பாரு பெஞ்சும் ஒரு டப்பாவும்

மகள் ஒரு மாசமாக நச்சரித்த ஜியோகேச்சிங்குக்கு இன்று காலை ஒருவழியாகக் கிளம்பினோம். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் பார்த்துத் தேடும் விளையாட்டு. 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. அந்த வாரமே ஆரிகனில் டேவ் உல்மர் என்பவர் காட்டுக்குள் ஒரு வாளியை வைத்து ஆரம்பித்தது.

போன் கூட்டிப்போன இடம், கோவையில் எங்கள் பழைய வீட்டுப் பக்கத்துப் பூங்கா! வேப்பமரத்தடிக்கு வந்ததும் அம்பு குழம்பிவிட்டது. மரத்தடியில் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். எனக்கோ தேடவே தோன்றவில்லை. அங்கே இருந்த சிமெண்ட் பெஞ்சில்தான் அப்பாரு, அதாவது என் தாத்தா, சாயங்காலம் துண்டை விரித்து உட்காருவார். மடியில் எனக்கான பொரிகடலைப் பொட்டலம். நான் சைக்கிளில் விழுந்தால் எழுந்து வரமாட்டார். "ஒண்ணுமில்ல கண்ணு, ஏறு" என்பார், அவ்வளவுதான். இப்போது அங்கே இரும்பு பெஞ்சு.

நாங்கள் குனிந்து தடவுவதைப் பார்த்த வாட்ச்மேன், "ஏனுங்க, எதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?" என்றார். டப்பா இருக்கும் இடத்தை வெளியாளுக்குக் காட்டக்கூடாதாம். "கம்மலுங்க" என்று சொல்லிவைத்தேன். பாவம், அவரும் தேட ஆரம்பித்துவிட்டார்!

அவர் அந்தப்பக்கம் போன நேரத்தில் பெஞ்சுக்கு அடியில் காந்தத்தோடு ஒட்டியிருந்த டப்பாவை மகள் எடுத்தாள். உள்ளே சுருட்டிய தாள். தேதி போட்டுத் தன் பெயரை எழுதினாள். நான் கீழே அப்பாரு பெயரையும் எழுதினேன்.

கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல்: "கம்மல் கெடைச்சுதுங்களா?"