இலங்கையில் வாடகை பைக்: தெற்கே காலி வேண்டாம், வடக்கே மன்னார் போங்கள்

இலங்கையைப் பைக்கில் சுற்றிவிட்டு வந்தேன் என்றதும் எங்கள் பெங்களூர் அல்சூர் பைக் கும்பலில் (ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நந்தி மலைக்குக் கிளம்புகிற அதே கூட்டம்தான்) முதலில் வந்த கேள்வி, "நம்ம வண்டியையே எடுத்துட்டுப் போக முடியுமா மச்சி?" முடியாது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் விட்ட கப்பல் ஆட்களை மட்டும்தான் ஏற்றும். பெங்களூரில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கட்டுநாயக்க விமான நிலையம், பக்கத்திலேயே நீர்கொழும்பு, அங்கே தெருவுக்குத் தெரு வாடகைக்கு வண்டி. பல்சர், அப்பாச்சி, டியோ என்று எல்லாம் நம்ம ஊர் சரக்குதான், ஓட்டுவதும் இடப்பக்கம், அதனால் கைக்குப் புதிதாக எதுவும் இல்லை.

காகித வேலையை மட்டும் இங்கேயே முடியுங்கள். ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும், ஒரு வருஷம் செல்லும். நம் லைசென்ஸில் கியர் வண்டி இருந்தால்தான் அதிலும் வரும். அதோடு வேலை முடியவில்லை, இலங்கை போனதும் அங்கேயும் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். கடைக்காரர்கள் "யாரும் கேட்க மாட்டாங்க சார்" என்பார்கள். போலீஸ் கேட்காமல் போகலாம், அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் இன்சூரன்ஸ்காரர் நிச்சயம் கேட்பார். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள், பணமாகக் கொடுங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் அட்டையும் வருடாந்திர வரி அனுமதியும் வண்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் வழி. பெங்களூரில் இருந்து போகிற எல்லோரும் போடுகிற கோடு ஒன்றுதான்: கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, எல்ல, ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு போட்டோ, திரும்பி வா. அந்தத் தெற்குக் கடற்கரை அழகுதான், ஆனால் பைக்குக்கு அது வீண். கடைகளும் பஸ்களும் ஒட்டிக்கொண்டே வருகிற சாலை. எக்ஸ்பிரஸ் வேயில் பைக்குக்கு அனுமதி இல்லை, அதனால் இந்த நெரிசலிலேயேதான் ஊர வேண்டும். பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் இருந்து தப்பித்து வந்தவனுக்கு இது எதற்கு?

நான் சொல்வது, நேரே வடக்கே போங்கள். புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் மன்னார். தெருவில் கழுதைகள் அவை பாட்டுக்குத் திரியும், பள்ளிமுனையில் ஆப்பிரிக்க மண்ணின் பெருக்க மரம் ஒன்று யானைக்கால் போல அடி பெருத்து நிற்கும். தலைமன்னார் முனையில் நின்றால் எதிரே முப்பது கிலோமீட்டர் போலத் தள்ளி நம்ம தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை மெட்ராஸில் ரயில் ஏறியவர்கள் கப்பல் மாறி இங்கே வந்து இறங்கி, மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள்.

மன்னாரில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ32 சாலை. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இருபுறமும் காய்ந்த புதர், பனை, நடுநடுவே மயில், எதிரே வண்டி வந்தாலே அதிசயம். காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் நூறு சிசி வண்டியில் ஐம்பதுக்கு மேல் போக மனமும் வராது, தேவையும் இல்லை. பூநகரி தாண்டினதும் தண்ணீருக்கு மேல் சங்குப்பிட்டிப் பாலம், 2011ல் திறந்தது. அது வருவதற்கு முன் முழுக்கச் சாலை வழியாகவே யாழ்ப்பாணம் போக ஆனையிறவைச் சுற்றித்தான் போக வேண்டும். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எங்கயிருந்து வாறீங்கள்?" என்றார். பெங்களூர் என்றேன். "அங்கயும் தமிழ் ஆக்களோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வலையைப் பார்க்கப் போய்விட்டார். கேள்வி நியாயமானதுதான், சென்னைக்காரர்களே இதைக் கேட்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர், பருத்தித்துறை எல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. நான் தாவுகிறேன்.

ஏ9ல் திரும்பித் தெற்கே இறங்கி, கண்டி தாண்டி, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறினால் பயணத்தின் சிறந்த பகுதி. கடல்மட்டத்தில் இருந்து 1,868 மீட்டர், பெங்களூரைப் போல இரண்டு மடங்கு உயரம், மதியத்துக்கு மேல் மூடுபனி. ஸ்வெட்டர் போதாது, ஜாக்கெட் வேண்டும். அங்கிருந்து தலவாக்கலைப் பக்கம் இறங்கும்போது ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "எந்தூரு தம்பி?" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினார். அவர் பேச்சில் யாழ்ப்பாணச் சாயலே இல்லை, திருச்சிப் பக்கத்துப் பேச்சு. பாட்டனின் பாட்டன் காலத்தில் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி) கூட்டி வந்ததாம். நிர்ணயித்த கிலோ பறிக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிச் சம்பளம் என்றார். மழையில் அட்டைக்கடி வேறு. டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

என்னோடு வேலை பார்ப்பவரின் குடும்பம் இந்த மலையில் இருந்து வந்ததுதான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன, அதில் சிலரைக் கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டங்களில் கொண்டுவந்து இறக்கினார்கள். தேயிலையை விட்டு வந்து ரப்பர். அவருக்காக அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், மூன்று மொழியிலும் இருந்தது.

அப்புத்தளையில் இருந்து வெல்லவாய வரை இறக்கம். ஸ்கூட்டர் எடுத்தவர்கள் கவனமாக இருங்கள், அதில் எஞ்சின் பிடிப்பு குறைவு, முழுப் பாரமும் பிரேக்கில் விழும், சூடேறினால் பிடி தளரும். கியர் வண்டியென்றால் இரண்டாம் கியரில் விட்டுவிடுங்கள், தானே இறங்கும். வழியில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில்தான் 2014 அக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்தன. மலையில் விடாமல் மழை பெய்தால் தங்கிவிடுங்கள், அந்த நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டவாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள்.

போக்குவரத்தில் இரண்டே விஷயம். நடந்து கடப்பவர்களுக்கான வரிக்கோட்டில் ஆள் கால் வைத்தால் முன்னால் போகிற கார் சட்டென்று நின்றுவிடும், பெங்களூர் பழக்கத்தில் ஒட்டி ஓட்டினால் அதன் பின்னால் போய் முட்டுவீர்கள். மற்றது பஸ். சாலை அவர்களுடையது, வளைவில் ஹாரன் கேட்டால் ஓரம் கட்டிவிடுங்கள், வாதம் பண்ணாதீர்கள்.

கதிர்காமம் போகாமல் வர வீட்டில் விடமாட்டார்கள் என்றால், புத்தலயில் இருந்து போகிற சாலை யால காட்டை ஒட்டியது. யானைகள் நடுரோட்டில் நின்று வண்டிகளை மறித்துத் தின்ன ஏதாவது கேட்கும், பஸ்காரர்கள் பழம் போட்டுப் பழக்கிவிட்டார்கள். காரில் இருப்பவனுக்கு அது வேடிக்கை. பைக்கில் போகிறவர்கள் காலை வெயில் ஏறின பிறகு, பஸ் ஒன்றின் பின்னாலேயே போங்கள், பையில் வாழைப்பழம் வைத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் ஆகிவிட்டதா, புத்தலயிலேயே ரூம் போடுங்கள், முருகன் மறுநாளும் அங்கேதான் இருப்பார்.