அச்சுக்கு வயது என்ன?

பாகம் பாகமாக வாங்கி ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி விமானப் பெட்டிகளின், அதாவது கிட்டுகளின், விலை அநியாயத்துக்கு ஏறிவிட்டது என்று லண்டனில் இருக்கும் மச்சான் கதைக்கும்போதெல்லாம் புலம்புகிறான். பவுணில் சம்பளம் வாங்குகிறவன் புலம்பட்டும். நான் இலங்கை ரூபாயில் கணக்குப் பார்க்கிறவன். பத்துப் பவுண் பெறுமதியான ஒரு சிறிய பெட்டி 2021இல் எனக்கு ஏறத்தாழ 2,800 ரூபாய். 2022இல் ரூபாய் சரிந்தபோது அதே பத்துப் பவுண் 4,500 வரை போனது. இப்போது 4,000 அளவில் நிற்கிறது. நிறுவனங்கள் விலையைத் தொடாமல் விட்டிருந்தாலும் எனக்கு இந்தக் கதிதான். அவர்கள் தொடவும் செய்தார்கள்.

இருந்தாலும் என் கட்சி வேறு. இன்றைக்குக் கிடைக்கும் நல்ல கிட்டுகளைப் போல முன்பு ஒருபோதும் கிடைத்ததில்லை. கொடுக்கும் காசுக்குப் பெறுமதி உண்டா என்றால், உண்டு. பிளாஸ்டிக்கை எந்த வருடத்து அச்சில் வார்த்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கத் தெரிந்தால்.

அச்சைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் செயற்கைப் பல் செய்கிறவன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய பல் ஆய்வுகூடம். வருடக்கணக்காக மெழுகும் சாந்தும் அக்கிரிலிக்கும்தான் என் பிழைப்பு. அச்சின் இரு பாதிகள் சரியாகக் கவ்வாவிட்டால் ஓரத்தில் பிசிறு வரும். தடித்த இடம் ஆறும்போது சுருங்கி உள்வாங்கும். விமான இறக்கையின் ஓரத்தில் பிசிறைக் கண்டால், இறக்கையின் நடுவில் ஒரு குழிவைக் கண்டால், அந்த அச்சின் வரலாறு எனக்குப் பாதி தெரிந்துவிடும். பல்லில் இப்படி வந்தால் வாடிக்கையாளர் வாயைத் திறந்து காட்டித் திட்டுவார். விமானத்துக்கு வாய் இல்லை.

உருக்கில் வெட்டிய ஒரு அச்சு பல பத்தாண்டுகள் உழைக்கும். அச்சு வெட்டுவதுதான் பெரும் செலவு. அதற்குப் பிறகு பிளாஸ்டிக்கை உருக்கி உள்ளே செலுத்துவது மலிவு. அதனால் எந்த நிறுவனமும் பழைய அச்சைத் தூக்கி எறிவதில்லை. புதிய படம், புதிய பெட்டி, புதிய சின்னங்கள், உள்ளே அதே அறுபதுகளின் பிளாஸ்டிக். அச்சுகள் கைமாறுவதும் உண்டு. ஜேர்மனியின் ரெவெல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு காலத்தில் மாட்ச்பொக்ஸ் விற்ற விமானம் இருக்கலாம். ஹசேகாவாவின் அச்சும் இருக்கலாம். இத்தாலியின் இத்தலெரியும் இருக்கலாம். பெட்டியின் மேலுள்ள பெயர் யார் விற்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும்.

கற்றலினா பறக்கும் படகு ஒன்று செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கற்றலினாதான், லெனார்ட் பேர்ச்சால் என்ற கனேடிய விமானியின் தலைமையில், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அந்தக் கதைக்காகவே பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெட்டியை வாங்கினேன். மேலே இருந்த ஓவியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. உள்ளே எண்ணற்ற தறையாணித் தலைகள், ஒவ்வொன்றும் மேடாக, தடவினால் விரலில் தட்டுகிறது. 1/72 அளவில், அதாவது உண்மையின் எழுபத்திரண்டில் ஒரு பங்கில், அரை மில்லிமீற்றர் மேடு என்றால் உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீற்றர். நெல்லிக்காய்களைக் கொண்டு தறைந்த விமானம்! உடலின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்து முகம் திருப்பிக்கொண்டிருந்தன. பட்டி பூசி, அரத்தாள் தேய்த்து, மறுபடி பூசி, இரண்டு மழைக்காலம் அதிலேயே போயிற்று. விலை என்னவோ புதிய அச்சில் வார்த்த கிட்டுக்குப் பக்கத்தில்தான்.

அன்றிலிருந்து ஸ்கேல்மேற்ஸ் என்ற இணையத்தளத்தில் அச்சின் பூர்வீகத்தைப் பார்க்காமல் நான் எதையும் கேட்பதில்லை. எந்தக் கிட் எந்த வருடத்தில் முதலில் வந்தது, பிறகு யார் யார் பெட்டியில் மறுபிறவி எடுத்தது என்று அங்கே வரிசையாகக் கிடைக்கும். சாதகம் பார்க்காமல் கலியாணம் பேசுகிறவர்கள்கூட இதைப் பார்க்கலாம்.

பழையவற்றை எல்லாம் குப்பை என்று நான் சொல்லவில்லை. பிரித்தானியாவின் எயார்பிக்ஸ் நிறுவனம் 1950களில் ஸ்பிற்பயர் என்ற போர்விமானத்தின் தன் முதல் கிட்டை வெளியிட்டபோது வூல்வேர்த் கடைகளில் அதன் விலை 2 ஷில்லிங். இன்றைய மதிப்பில் இரண்டு மூன்று பவுண். பையன்கள் கைச்செலவுக் காசில் வாங்கி, சனிக்கிழமை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டு உடைத்தார்கள். உருவம் சரியில்லை என்று யாரும் வழக்குப் போடவில்லை. இன்றைக்கு வாங்குகிறவர்கள் அந்தப் பையன்களும் அவர்களுக்குப் பின்னால் வந்த என் போன்ற நரைத்தலைகளும். நாங்கள் கேட்பது வேறு. அதனால்தான் அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தை லேசர் ஒளியால் அளந்து, கணினியில் வரைந்து, அதிலிருந்து அச்சு வெட்டுகிறார்கள். அப்படி வெட்டிய அச்சிலிருந்து முன்பு போல ஊருக்கெல்லாம் விற்றுத் தள்ளவும் முடியாது. குறைந்த எண்ணிக்கையில் அந்தச் செலவை எடுக்க வேண்டியிருப்பதால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

எயார்பிக்ஸை 2006இல் ஹோர்ன்பி நிறுவனம் வாங்கியது. அதற்குப் பிறகு வந்த அவர்களுடைய புதிய அச்சுகள் சிறிய அளவில் நல்ல பேரம். விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள் கொஞ்சம் அகலம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு, தீந்தை ஒரு பூச்சுப் போட்டால் எனக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. ஒரு வேடிக்கை: பல பெட்டிகளின் பக்கவாட்டில் இந்தியாவில் செய்தது என்று அச்சிட்டிருக்கும். வள்ளத்தில் ஓர் இரவில் போய்ச் சேரக்கூடிய தேசத்தில் வார்த்த பிளாஸ்டிக், கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கே மச்சானின் பயணப்பெட்டியில் உடுப்புக்கும் சொக்கலேற்றுக்கும் நடுவில் படுத்து, கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வருகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களைப் போலவே அதுவும் சுற்றித்தான் வருகிறது.

பெறுமதி என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டியது ஜப்பானின் தமியா நிறுவனத்தின் 1/48 ஸ்பிற்பயர், 2018இல் வந்த புதிய அச்சு. எயார்பிக்ஸின் சிறிய பெட்டியைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கென்று தங்கை கனடாவிலிருந்து அனுப்பியது. நானாக வாங்கியிருக்க மாட்டேன். இறக்கையை உடலோடு வைத்தேன். பசை போடவில்லை, வெறுமனே வைத்தேன். நின்றது. மேல்தாடைப் பல்வரிசை அண்ணத்தில் காற்றுப் புகாமல் உட்காரும்போது கிடைக்கும் அந்தச் சின்னச் சத்தம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதே சத்தத்தை ஒரு பொம்மை விமானத்தில் கேட்டேன். பட்டி டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதற்கு எதிர்முனையில் செக் குடியரசின் எடுவார்ட். நுணுக்கத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. தகட்டின் ஒவ்வொரு ஆணி வரிசையும் மயிரிழைப் புள்ளிகளாக இறங்கியிருக்கும். அமிலத்தால் அரித்தெடுத்த உலோகத் தகட்டில் விமானியின் இருக்கைப் பட்டிகள், நிறம் அச்சிட்ட கருவிப் பலகை, எல்லாம் தருவார்கள். எல்லாவற்றையும் இடுக்கியால் பிடித்து ஒட்டிவிட்டு உடலின் இரு பாதிகளையும் மூடினால், ஐயா, அதில் பாதியை இனி எவரும் பார்க்கப் போவதில்லை. உதிரிகளின் எண்ணிக்கையைப் பெட்டியில் பெருமையாகப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பெருமை அல்ல, எச்சரிக்கை. எடுவார்ட் கிட் வாங்குவதானால் அந்தத் தகடுகள் இல்லாத மலிவான வார இறுதிப் பதிப்பே போதும். அச்சு ஒன்றுதான்.

இப்போதைக்கு என் கையில் இருப்பது போலந்தின் ஆர்மா ஹொபி செய்த ஹரிக்கேன் போர்விமானம், 1/72. 2019இல் வரத் தொடங்கிய குடும்பம். உள்ளங்கையில் அடங்கும் விமானத்துக்கு இவ்வளவு கூர்மை போதும், இதற்கு மேல் என் கண் கேட்காது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, அந்த ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்களை எதிர்க்க, கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் இருந்து பிரித்தானிய விமானப்படையின் 258ஆவது பிரிவின் ஹரிக்கேன்கள் எழுந்தன. அந்தப் பிரிவின் நிறத்தில் ஒன்றை முடிக்க வேண்டும். இன்று அந்தத் திடலைச் சுற்றிக் கடைகளும் கோப்பிக் கடைகளும். அங்கே உட்கார்ந்து கேக் தின்னும் பிள்ளைகளிடம் இங்கே விமானம் ஓடியது என்றால் சிரிக்கிறார்கள்.

கிட் மட்டும் வந்தால் போதாது என்பது வெளியூர்க்காரருக்கு உறைப்பதில்லை. பசையும் எண்ணெய்த் தீந்தையும் தீப்பற்றும் பொருள்கள். விமானத் தபாலில் வராது, பயணப்பெட்டியிலும் வரக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இதற்கென்று கடை எதையும் நான் கண்டதில்லை. ஆனால் ஸ்ரான்லி வீதியில் வாகனத் தீந்தைக் கடைகள் இருக்கின்றன. மாடல்காரர்கள் கொண்டாடும் மெல்லிய பசையில் இருப்பது அசற்றோனும் பியூற்றைல் அசற்றேற்றும். வாகனத் தீந்தையைக் கரைக்கும் தின்னரிலும் அந்தக் குடும்பத்துத் திரவங்கள்தான். மெல்லிய தூரிகை நுனியால் இரண்டு பாதிகளின் இடுக்கில் ஒரு துளி விட்டால் பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கிவிடும். கூடினால் இறக்கை உருகும், கவனம். 2000 இலக்க அரத்தாள், பட்டி, முதற்பூச்சு எல்லாம் அதே கடையில். என்ன வாகனம் என்று கடைக்காரர் கேட்பார். ஹரிக்கேன் என்று சொல்லிப் பார்த்தேன். அது எந்த மொடல் மோட்டார் சைக்கிள் என்று கேட்டார்.

வெயில் ஒரு நன்மையும் செய்கிறது. பழைய பெட்டிகளில் நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களின் தாள் மஞ்சளித்துப் போயிருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் வெயில் வெளுக்க வைத்துவிடும். ஐரோப்பியர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்களாம். சித்திரை வெயிலில் எனக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு கேள்வி வரும், வெளியிலும் வரும். போர்க்காலத்தில் எதைக் கண்டு பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், ஓடினோமோ அதையே மேசையில் வைத்துச் செய்கிறாயே என்று. என் வயதுக்காரர்கள் சத்தத்தைக் கேட்டே விமானத்தைச் சொல்வோம்: பொம்மர், சகடை, புக்காரா, கிபிர், ஹெலி. நான் செய்வது பெரும்பாலும் நான் பிறப்பதற்கு முந்திய விமானங்கள். கிபிர் 1/48இல் மிக நல்ல அச்சில் கிடைக்கிறது, ஒன்றுக்கு இரண்டு நிறுவனங்கள் செய்கின்றன. படங்களைப் பார்த்தேன், வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெறுமதிக் கணக்கில் அதுவும் ஒரு வரி.

மச்சான் ஆவணியில் வருகிறான். டக்கோட்டா, அதாவது டிசி-3 விமானத்தின் கிட், கேட்டிருக்கிறேன். எயார் சிலோனின் முதல் பயணிகள் சேவை 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை போனது, டிசி-3 விமானத்தில். அங்கே காங்கேசன்துறை என்றது எங்கள் பலாலி ஓடுபாதைதான். அந்த விமானத்தை நான் செய்யாமல் வேறு யார் செய்வது? எயார்பிக்ஸ் 1960இலும் ஒரு டக்கோட்டா செய்தது, 2014இலும் ஒன்று செய்தது. இரண்டும் 1/72, இரண்டிலும் அதே பெயர். பழைய பெட்டிகள் லண்டன் சந்தைகளில் மலிவாகக் கிடக்கும், மச்சானுக்கு மலிவு என்றால் கண் தெரியாது. அதனால் 2014 அச்சின் பெட்டிப் படத்தை அவனுடைய கைத்தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். எயார் சிலோன் சின்னத்தை நானே கணினியில் வரைந்து, சின்னம் அச்சிடும் வெற்றுத் தாளில் எடுக்க வேண்டும். அந்தத் தாளையும் அவன்தான் கொண்டுவர வேண்டும். அது தீப்பற்றும் பொருள் அல்ல, சாக்குச் சொல்ல முடியாது.