வாவிச் சேறு: நவம்பர், டிசம்பர்

மட்டக்களப்பு வாவியில் பல இடத்துச் சேற்றைக் காயவைத்து, அரைத்து, குளிசையாக அழுத்தி, லேசர் அடித்து எழும் ஒளியில் ஈயம் போன்ற உலோகங்களைத் தேடும் வேலையின் குறிப்பு.

நவம்பர் 24
மழை. ஈரம் உறிஞ்ச வைத்த சிலிக்கா ஜெல் நேற்று நீலம், காய்ந்திருந்தது. இன்று ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு.

நவம்பர் 25
பாலமீன்மடுச் சேற்றை 105 பாகையில் காயவைத்தது பிழை. ஓடு மாதிரி இறுகி, உரலில் குத்தினால் தெறிக்கிறது. மிச்சத்தை 60 பாகையில், மெல்லிசாகப் பரப்பி, இடைக்கிடை பிளாஸ்டிக் கரண்டியால் உடைத்துவிட்டே காயவைக்க வேண்டும். 105 பாகை, ஈரப்பதம் பார்க்கும் சிறு பங்குக்கு மட்டும்.

நவம்பர் 26
கண்டல் வேரும் மட்டி ஓடும் 2 மில்லிமீற்றர் அரிதட்டில் நின்றன. மற்றதை அகேட் (கடினமான சிலிக்காக் கல்) உரலில் அரைத்து 63 மைக்ரோமீற்றர் நைலோன் அரிதட்டில் அரித்தாயிற்று. பித்தளை அரிதட்டு வேண்டாம், செம்பும் நாகமும் (துத்தநாகம்) சேரும். இரும்பு உரலும் வேண்டாம். அகேட் உதிர்த்தால் சிலிக்கா. சிலிக்கன் இங்கே தேடும் மூலகம் அல்ல.

லேசர் தோண்டும் குழி சுமார் 100 மைக்ரோமீற்றர் அகலம். மணியும் அதே பருமன் என்றால் ஓர் அடி வெறும் மணலில் விழும், அடுத்தது களியில் விழும். 63 மைக்ரோமீற்றர் தட்டில் தங்கியதை வீசக் கூடாது, திரும்ப உரலுக்கே போக வேண்டும். உலோகம் பெரும்பாலும் களியோடு ஒட்டி நிற்பது. பருமணலை வீசினால் ஈயத்தின் அளவு பொய்யாக உயரும்.

கல்லடிச் சேற்றில் உரலின் அடியில் சாம்பல் பளபளப்பாக ஒரு கீறல். வீச்சு வலையின் ஈயத் துணுக்காக இருக்கலாம். ஈயம் பொடியாகாது, நசுங்கி அப்பிக்கொள்ளும். அந்தப் பங்கை ஒதுக்கி, உரலை 10 சதவீத நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து, சுத்த மணல் அரைத்து வீசி, எதனோலால் துடைத்தாயிற்று.

நவம்பர் 28
உப்பைக் கழுவுவதா, விடுவதா?

விட்டால் குளிசை காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். சோடியம் இலகுவில் அயனாவதால், லேசர் எழுப்பும் பிளாஸ்மாவின் (ஒளிரும் சூடான வாயு) குணமே மாறும். உப்பு வேறுபடும் முகத்துவாரச் சேறும் மண்முனைச் சேறும் ஒன்றையொன்று ஒப்பிட முடியாதவையாகிவிடும். கழுவினால் களியில் இலேசாகப் பிடித்திருக்கும் உலோகமும் தண்ணீரோடு போகும். தேடுவதே அதுதானே.

கழுவவில்லை. கணக்குப் பார்த்துக் கழிக்கலாம்: 100 கிராம் ஈரச் சேற்றில் 60 கிராம் நீர் போனால், சேற்று நீரின் உப்பு கிலோவுக்கு 20 கிராம் என்றால், காய்ந்த 40 கிராமில் உப்பு 1.2 கிராம், 3 சதவீதம். சேற்று நீரின் உப்பை ஒவ்வோர் இடத்திலும் தனியாக அளந்திருக்க வேண்டும். ஆற்றுவாய் (மணல் மூடிய கடல்வாய்) வெட்டுமுன் எடுத்த சேற்றுக்கு வெட்டியபின் அளந்த நீர் உதவாது.

நவம்பர் 29
கரண்ட் இல்லை.

டிசம்பர் 1
13 மில்லிமீற்றர் அச்சு, 0.5 கிராம், 5 தொன், 3 நிமிடம். முதல் நான்கு குளிசையில் மூன்று, மூடி கழன்றதுபோல் மேல் பக்கம் பெயர்ந்தன. உள்ளே அகப்பட்ட காற்று. முதலில் 1 தொன் கொடுத்து, தளர்த்தி, பிறகு 5 தொன். இறக்கும்போது ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக. அடுத்த ஆறும் முழுசாக வந்தன.

பசையாகச் செலுலோஸ் 20 சதவீதம் சேர்த்தால் இன்னும் உறுதி. ஆனால் ஈயத்தின் செறிவு ஐந்தில் ஒரு பங்கு குறையும், நிறமாலையில் 388 நனோமீற்றர்ப் பக்கம் சயனோஜன் (கரியும் நைதரசனும் சேர்ந்தது) பட்டை எழும். ஈயத்தின் 405.78 நனோமீற்றர்க் கோடு அதற்குள் விழாது. ஆனாலும் களி தானே பிடிக்கும்போது பசை எதற்கு?

டிசம்பர் 2
குளிசையின் காலை நிறை: 0.5000 கிராம் இருந்தது 0.5038.

டிசம்பர் 3
அச்சில் துரு. நேற்று துடைத்தும் உப்பு மிஞ்சியிருக்கிறது. அந்தத் துருவோடு அழுத்திய இரண்டு குளிசையிலும் இரும்பை நம்ப முடியாது, உடைத்துவிட்டேன். இனி ஒவ்வொரு குளிசைக்குப் பிறகும் காய்ச்சி வடித்த நீர், எதனோல், சூடான காற்று. இரவில் மெல்லிய எண்ணெய், காலையில் அதையும் துடைக்க வேண்டும்.

டிசம்பர் 5
ஜெல்லை 120 பாகையில் 2 மணித்தியாலம் வைத்தேன், நீலம் திரும்பியது. குளிசைகளை 60 பாகையில் மறுபடி காயவைத்து ஒவ்வொன்றாக மூடினேன். பெட்டி நாளை மறுநாள் போக வேண்டும்.

டிசம்பர் 6
பாலமீன்மடு 0.5004. மண்முனை 0.5002. கல்லடி 0.5031, மூடி சரியாக இறுகவில்லை. திரும்ப ஓவனுக்கு.