முழங்கை பட்டதும் நின்ற ரோபோ
இன்று ஒரு தொழிற்கூடத்தில் பார்த்தேன். வேலையில் இருந்தவரின் முழங்கை பட்டதும் ரோபோ கை அப்படியே நின்றுவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை.

மனிதரோடு சேர்ந்து உழைக்கும் ரோபோக்களுக்காக 2016இல் வந்த ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு) ஆவணம், உடலை 29 இடங்களாகப் பிரித்து, எவ்வளவு அழுத்தலாம் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்திருக்கிறது. முகத்தை அழுத்த அனுமதி வெறும் 65 நியூட்டன் (விசையின் அலகு). எவ்வளவு அழுத்தினால் வலி தொடங்கும் என்பதைத் தன்னார்வலர்களின் உடலிலேயே அளந்தார்கள்.

2021இல் ஐரோப்பிய ஆணையம் 'தொழில்துறை 5.0' என்ற பெயரில், தொழில்துறையின் அடுத்த கட்டத்தை மனிதரையும் சுற்றுச்சூழலையும் முன்னால் வைத்துப் பேசியது. நல்லது.

சரி, வலிக்கு எல்லை வந்துவிட்டது. வேலையின் வேகத்துக்கு? அந்த ரோபோவுக்கு ஈடுகொடுத்து யார் களைப்பது? ஒரு மூட்டு தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா, முழுக் கையையே தூக்கி எறிய வேண்டுமா?

இதையெல்லாம் பக்கத்தில் நின்று உழைப்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அதுவும் வாங்குவதற்கு முன்பே.