கேபிள் ரேக்கில் நாலு பெடல்

ஜூன் 9

ஆடிக் கச்சேரிகளுக்கு முன்பணம் வர ஆரம்பித்துவிட்டது. போன சீசன் முழுக்க மோனோலாக் சிந்தசைசருக்குப் பக்கத்தில் நாலு பெடல்களை, அதாவது சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டிகளை, ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் வைத்து ஓட்டியாயிற்று. எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90, கார்பன் காப்பி டிலே (எதிரொலி), பாஸ் டிஎஸ்-1, அப்புறம் தஞ்சாவூர் நண்பர் கையால் கட்டிக் கொடுத்த ஜெர்மானியம் ஃபஸ். கிதார்காரர்கள் இதையெல்லாம் காலால் மிதிப்பார்கள். கீபோர்டு வாசிக்கிறவனுக்கு இவை கைக்கு எட்டவேண்டிய சாமான்கள். வாசித்துக்கொண்டே டிலே குமிழைத் திருப்ப முடியாவிட்டால் அனலாக் சிந்தசைசர் வாங்கியதில் பாதி வீண்.

சாமான்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி அடுக்கும் ரேக்கில் ஏற்றிவிடலாம் என்று முடிவு. ஆனால் இசைக்கருவிக் கடையில் சொல்கிற விலைக்கு இன்னொரு பெடலே வாங்கலாம்.

ஜூன் 12

இன்று மேட்டூர் திறப்பு. தண்ணீர் நம் பக்கம் வந்துசேர இன்னும் நாளாகும். அதற்குள் டேப்பும் நோட்டுமாக உட்கார்ந்துவிட்டேன்.

19 அங்குல ரேக் என்பது இசைக்காரர்களுக்காகப் பிறந்ததே இல்லை. 1920களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் வந்த அளவு. இன்றைக்கு நெட்வொர்க் பெட்டி, கேமரா ரெக்கார்டர், மைக்செட் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அதே அளவில்தான் வருகின்றன. முன் தகடு 482.6 மி.மீ., திருகு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 465.1 மி.மீ., நடுவில் சாமான் நுழைய 450 மி.மீ. உயரத்தில் ஒரு 'யூ' என்றால் 44.45 மி.மீ.

பாஸ் பெடல் 73 மி.மீ. அகலம், 129 நீளம், 59 உயரம். எம்எக்ஸ்ஆர் டப்பா சுமார் 60 அகலம், 112 நீளம். தட்டில் படுக்கவைத்தால் குமிழ்கள் கூரையைப் பார்க்கும். நிமிர்த்தினால் நம்மைப் பார்க்கும். 129 மி.மீ. நிமிர்ந்தால் 3 யூவுக்குள் (133 மி.மீ.) கச்சிதமாக அடங்கிவிடுகிறது! அகலத்துக்கும் கணக்கு சரியாக வருகிறது. மூன்று அறுபது, ஒரு எழுபத்துமூன்று, ஆக 253. தட்டை மூக்கு பிளக்குகளுக்காக நடுவில் மூன்று இடைவெளிகள், நாற்பது நாற்பதாக. ஓரங்களில் இருபத்தைந்து. மொத்தம் 423.

ஜூன் 16

கேபிள் டிவி நடத்தும் மாமாவின் கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். செட்டாப் பாக்ஸ் வந்ததோடு சேனல்களைக் கேபிளில் ஏற்றும் பழைய அனலாக் மாடுலேட்டர்களுக்கு வேலை போய்விட்டது. ஒரு ஆள் உயர ரேக்கில் அப்படியே தூசி தின்றுகொண்டிருக்கின்றன.

“இரும்புக் கடைக்காரன் எடைக்குக் கேட்டான் மாப்ளே. கொடுக்க மனசு வரலை. நீ என்ன பண்ணுவே?”

“பாட்டுக்குத்தான் மாமா.”

“அப்ப தூக்கிட்டுப் போ. எடைக்கு உள்ளதைக் கொடு.”

ரேக்கின் முன் ஆங்கிள்கள் இரண்டும் திருகு, கேஜ் நட் (ரேக் ஓட்டையில் மாட்டும் நட்) சகிதம் கிடைத்தன. கூடவே பழுதான 1 யூ மாடுலேட்டர் ஒன்று. கரண்ட் சாக்கெட், ஃபியூஸ் ஹோல்டர், சுவிட்ச் எல்லாம் ஏற்கெனவே பொருத்திய தகரப் பெட்டி அது. உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டால் பவர் சப்ளைக்கு வீடு தயார்.

மலிவாக ரேக் செய்ய நினைக்கும் டெல்டாக்காரர்கள் முதலில் விசாரிக்கவேண்டிய இடம் உங்கள் ஊர் கேபிள்காரர்தான்.

ஜூன் 21

கும்பகோணத்தில் கிரில் பட்டறை. ஆங்கிளை 6 யூ நீளத்துக்கு, அதாவது 266.7 மி.மீ.க்கு அறுத்தாயிற்று. புதிதாக ஓட்டை போடவேண்டியிருந்தால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ரேக் ஓட்டைகள் சம தூரத்தில் இருக்காது. 15.9, 15.9, 12.7 என்றுதான் திரும்பத் திரும்ப வரும். பட்டறை அண்ணனிடம் பழைய ஆங்கிளைக் கையில் கொடுத்து “இதே மாதிரி” என்று சொல்வது காகிதத்தில் எழுதிக் கொடுப்பதைவிட மேல்.

பெடல்களைத் தாங்க 3 மி.மீ. அலுமினியத் தகடு. இரண்டு பக்கமும் எல் ஆங்கிள் வைத்து, முன்பக்கத்திலிருந்து 70 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது. குமிழ் எதுவும் வெளியே நீட்டாது, மூடி போட்டு வேனில் அடுக்கலாம். வெளிப்பெட்டிக்கு 12 மி.மீ. பிளைவுட், தச்சரிடம் கொடுத்திருக்கிறது.

ஜூன் 24

தகட்டில் பெடலை எதைக்கொண்டு பிடிப்பது? ஒட்டும் வெல்க்ரோ வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் பசை இளகி வழியும், அதுவும் செங்குத்தாகத் தொங்குகிற சாமான் ஒரு வேகத்தடைக்குத் தாங்காது.

பெடல்காரர்கள் மத்தியில் ஒரு பழைய வித்தை உண்டு. சைக்கிள் செயின். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட செயின் துண்டை வாங்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பின்னை அடித்துத் தள்ளி, கண்ணிகளைத் தனித்தனியாக எடுத்தேன். எட்டு வடிவத் தகடு, இரண்டு முனையிலும் ஓட்டை. ஒரு ஓட்டை பெடலின் அடித்தகட்டுத் திருகுக்கு, மற்றது அலுமினியத்துக்கு. பெடலைத் துளைக்கவேண்டாம், பாஸ் பெடலின் ரப்பர் அடியைப் பிய்க்கவேண்டாம், விற்கிறபோது புதுசாகவே இருக்கும்.

கார்பன் காப்பியை மாட்டும் முன் அடித்தகட்டைத் திறந்து உள்ளே இருக்கும் இரண்டு சின்ன ட்ரிம்மர்களைச் சரிசெய்துவிட்டேன். மாடுலேஷனின், அதாவது எதிரொலியில் வரும் அலைவின், வேகமும் ஆழமும் அவைதான். மாட்டியபிறகு ஸ்க்ரூடிரைவர் போகாது.

பெடல்களில் இன்புட் வலப்பக்கம், அவுட்புட் இடப்பக்கம். ஆகவே சத்தம் உருது எழுத்து மாதிரி வலமிருந்து இடமாக ஓடும். ஃபஸ், டிஎஸ்-1, ஃபேஸர், டிலே.

ஜூலை 3

இனி கரண்ட். மிச்சம் பிடித்த காசை இங்கேதான் கொட்டவேண்டும்.

ஒரே 9 வோல்ட் அடாப்டரில் மாலை கோத்த மாதிரி எல்லாவற்றையும் மாட்டமுடியாது. மற்ற மூன்றும் நெகட்டிவ் கிரவுண்டு. ஜெர்மானியம் ஃபஸ் பாசிட்டிவ் கிரவுண்டு. அதன் தகரப் பெட்டியே பிளஸ்ஸோடு சேர்ந்தது. ஒரே வயரில் கோத்தால் நேராக ஷார்ட். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, ஒன்றோடொன்று ஒட்டாத சப்ளை வேண்டும்.

கடையில் விற்கும் ஐசோலேட்டட் சப்ளைக்குப் பதிலாக, மைக்செட் ஆம்ப்ளிஃபையர்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் பெரியவரிடம் போனேன். ஒரே கோரில் நாலு தனிச் சுற்று கேட்டேன்.

“ஒம்போது வோல்ட்தானே தம்பி?”

“இல்லைங்க ஐயா, பன்னண்டு.”

சிரித்தார். அவருக்கே காரணம் தெரியும். பம்ப்செட் ஓடும் நேரத்தில் கிராமத்துக் கரண்ட் 180க்கு இறங்கும். 9 வோல்ட் சுற்று அப்போது 7 ஆகிவிடும். டையோடு தாண்டி டிசியாக வரும்போது எட்டரைகூடத் தேறாது, 9 வோல்ட்டை நிலையாகத் தரும் 7809 ஐசிக்கோ குறைந்தது 11 வேண்டும். 12 வோல்ட் சுற்று என்றால் 180லும் கிட்டத்தட்ட 12 டிசி கிடைக்கும். கரண்ட் முழுசாக இருக்கும்போதும் ஐசி சூடாகாது, அனலாக் பெடல்கள் சில மில்லி ஆம்பியர்தான் குடிக்கின்றன. கார்பன் காப்பியே முப்பதைத் தொடாது.

சுற்றுக்கு ஏசியை டிசியாக்கும் ஒரு டையோடு பிரிட்ஜ், ஒரு 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஒரு 7809. எல்லாம் மாடுலேட்டர் டப்பாவுக்குள். டப்பாவின் உடம்புக்கு எர்த் கட்டாயம். கரண்ட் வேலை கை வராதவர்கள் இந்த ஒன்றை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜூலை 5

ஓடுகிறது. ஹம் (கரண்ட் உறுமல்) லேசாக இருந்தது. பெடல் உடம்புகள் அலுமினியத்தைத் தொட்டுக் கிரவுண்டுக்குக் குறுக்கு வழி போட்டிருந்தன. அடியில் டியூப் ரப்பர், கண்ணிக்கும் தகட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷர். அடங்கிவிட்டது.

ஜூலை 11

சிந்தசைசர் தருவது லைன் லெவல், வலுவான சிக்னல். பெடல் எதிர்பார்ப்பது கிதாரின் மெல்லிய சிக்னல். அப்படியே கொடுத்தால் ஃபேஸர் கரகரக்கிறது. டிலேயும் சிக்னலைத் தாமதப்படுத்தும் தன் பக்கெட் சிப்பில் முட்டிக்கொண்டு பிசுபிசுக்கிறது. ரேடியோ ஸ்பேர்ஸ் கடையில் ஒரு 10 கே வால்யூம் கண்ட்ரோல், இரண்டு ஜாக். முதல் பெடலுக்கு முன்னால் போட்டாயிற்று. மிக்சரில் கெயினைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் போதும். முழுத் தீர்வுக்கு, லைன் லெவலைக் கிதார் அளவுக்கு இறக்கும் ரீஆம்ப் பெட்டி வாங்கவேண்டும் என்பார்கள், கோயில் கச்சேரிக்கு இது தாராளம்.

ஃபஸ்ஸுக்கு மட்டும் இந்தக் குமிழ் இன்னொரு வேலையும் செய்கிறது. குறைத்தால் நாகஸ்வரம் பக்கம் போகிறது, கூட்டினால் டிராக்டர்.

ஆகஸ்ட் 3

பாபநாசம் பக்கம் அம்மன் கோயில். ஆடிப்பெருக்கு என்பதால் வேன் ஊர்ந்துதான் வந்தது. மூடியைத் திறந்து, ஒரு கரண்ட் வயர், இரண்டு ஆடியோ வயர் குத்தினேன், வேலை முடிந்தது. போன வருஷம் இந்நேரம் ட்ரேயில் எந்த பிளக் கழன்றது என்று டார்ச் அடித்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் பாட்டில் ஜெனரேட்டருக்கு மாறினார்கள். டிலே அசையவில்லை.

கீழே 2 யூ காலி. மைக்செட்காரர் அதில் தன் ஈக்வலைசரை வைக்கலாமா என்று கேட்கிறார். வைத்தால் எல்லாக் கச்சேரிக்கும் பெட்டியைத் தூக்குவது யார் என்று கேட்டிருக்கிறேன்.